12-க்கு 1 கேட்கும் தம்பிகளுக்கு

ட்ராக்கில் ஓட்ட கார் தயார் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு எண்ணோடுதான் பட்டறைக்குள் நுழைகிறார்கள். "டர்போ வேண்டாம்ணா, கம்ப்ரஷனை மட்டும் 12 ஆக்கிக் கொடுங்க." அதாவது சிலிண்டருக்குள் வரும் காற்று-பெட்ரோல் கலவையை பிஸ்டன் பன்னிரண்டில் ஒரு பங்காக அழுத்த வேண்டும். எந்த கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), எந்த பெட்ரோல் என்று கேட்டால் பதில் இருக்காது.

ஒரு தம்பி பழைய மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர், 16 வால்வ் எஞ்சினைக் கொண்டுவந்தார். கம்ப்ரஷனை ஏற்றுவதற்காக வேறெங்கோ ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் மேல் மூடியில், 2 மி.மீ. சீவியிருக்கிறார்கள். மூன்றாவது முறை ட்ராக்கில் இறக்கியபோதே புகை. பிரித்துப் பார்த்தேன். பிஸ்டனில் மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் வரப்பு உடைந்திருந்தது. ப்ளக்கின் பீங்கானில் மிளகுத்தூள் போல அலுமினியப் புள்ளிகள். நாக்கிங், அதாவது அழுத்தமும் சூடும் தாங்காமல் கலவை தானாகவே வெடிப்பது, விட்டுப்போகும் கையெழுத்து அது. ட்ராக்கில் சைலன்சர் போடும் சத்தத்தில் காதுக்கு எதுவும் கேட்டிருக்காது.

கணக்கைப் பார்ப்போம். இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் அகலம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5. ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 325 சிசி. விகிதம் 9.5 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு மேலே மிஞ்சும் இடம் 38 சிசி. 12 வேண்டுமானால் அது 29.5 ஆக வேண்டும். சிலிண்டரின் முழு அகலத்துக்கும் 1 மி.மீ. எடுத்தாலே குறைவது 4.3 சிசிதான், ஹெட்டில் இருக்கும் குழியின் வாய் அதைவிடச் சிறியது. ஆக 2 மி.மீ. சீவியும் 12 வந்திருக்காது. ஹெட் மெலிந்தது, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இருந்த இடைவெளி போனது, பெல்ட் வழியாக கேம் டைமிங்கும் பின்தங்கியது. அதைச் சரிசெய்ய நகர்த்தி வைக்கும் புல்லியும் போடவில்லை.

சரி, 12 வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். 9.5-இலிருந்து 12-க்குப் போனால் ஏட்டுக் கணக்குப்படி கிடைக்கும் லாபம் 6 சதவீதம் போலத்தான். இதற்கா இவ்வளவு பாடு? கம்ப்ரஷனின் நிஜமான வேலை பெரிய கேமுக்குத் துணை நிற்பது. நீண்ட நேரம் திறந்திருக்கும் கேமில் இன்டேக் வால்வ் தாமதமாக மூடும்; குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் திரும்பி வெளியே போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் விகிதத்தை ஏற்றுகிறோம். கம்பெனி கேமை வைத்துக்கொண்டே ஏற்றினால் அழுத்தம் முழுசாக பிஸ்டன் தலையில் இறங்கும். அந்தத் தம்பியின் எஞ்சினில் இருந்தது கம்பெனி கேம். டேங்கில் 91 ஆக்டேன் பெட்ரோல்; ஆக்டேன் எண் கூடக் கூடத்தான் பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும். போதாததற்கு இக்னிஷனை, அதாவது ப்ளக் பொறி விடும் நேரத்தை, வேறு முன்னால் தள்ளியிருந்தார்கள். கம்ப்ரஷன் கூடினால் கலவை வேகமாக எரியும், அப்படி முன்னால் தள்ளும் அட்வான்ஸ் குறைவாகவே போதும். நான் நான்கைந்து டிகிரி குறைத்து ஆரம்பித்து, ப்ளாக்கில் மைக் பொருத்தி ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டேதான் ஏற்றுவேன்.

சீவுவதற்கு முன் அளக்க வேண்டும். துளையிட்ட அக்ரிலிக் தகட்டை க்ரீஸ் தடவி ஹெட்டின் மேல் ஒட்டி, ப்யூரெட்டில் மண்ணெண்ணெய் விட்டுக் குழியை அளக்கிறோம். கேஸ்கட், பிஸ்டனின் மேடு, டெக் உயரம் (உச்சியில் நிற்கும் பிஸ்டனுக்கும் ப்ளாக்கின் மேல்தளத்துக்கும் உள்ள வித்தியாசம்) எல்லாம் தனித்தனிக் கணக்கு. பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டின் சமதளத்துக்கும் இடையே 1 மி.மீ. அளவுக்கு இடைவெளி வைப்பேன். அதிகமானால் நாக்கிங்கை வரவேற்ற மாதிரி. ரொம்பக் குறைந்தால் உயர் ஆர்பிஎம்மில் பிஸ்டன் ஹெட்டை முத்தமிடும். அப்புறம் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை பிஸ்டன்மேல் வைத்து, கையால் இரண்டு சுற்று சுற்றி, பிளேடால் வெட்டிப் பார்ப்பேன். இன்டேக் பக்கம் 1.5, எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ.க்குக் கீழே என்றால் பூட்ட மாட்டேன்.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் மே மாத மதியம் ஓடப்போகிற வண்டி, 91 பெட்ரோல் என்றால் இந்த எஞ்சினில் 10.5-ஓடு நிறுத்திக்கொள்வேன். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 மாதிரி 100 ஆக்டேன் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் என்றால்தான் மேலே போவது. வீட்டுக்கும் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அந்த எஞ்சினுக்கு வேறு ஹெட், மேடு வைத்த ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், அதற்கேற்ற கேம் போட்டோம். பிஸ்டன் மேட்டின் கூர்மையான ஓரங்களை எமரி வைத்து மழுக்கவே அரை நாள் ஆனது. 100 ஆக்டேன் மட்டுமே ஊற்றுவதாகத் தம்பி ஒப்புக்கொண்டார். அளந்தபோது வந்தது 11.4. தம்பிக்கு முகம் வாடிவிட்டது. நண்பர்களிடம் இன்னும் 12 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.