உணவு வங்கிக்குப் பாஸ்புக் உண்டா?

"பிராந்திய உணவு வங்கி தனது உணவு விநியோகங்களை எங்கிருந்து பெறுகிறது?" போன வாரம் கோபியில் ஒரு கல்யாண மண்டபத்தில், கைகழுவும் இடத்துச் சுவரில் இப்படி ஒரு தாள். மிஞ்சிய பண்டத்தை வாங்கிப் போகிறவர்கள் ஒட்டியது. நல்ல காரியம், அதில் குறை இல்லை, தமிழைத்தான் சொல்கிறேன். பக்கத்தில் நின்ற அம்மாயி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஏங் கண்ணு, இதுக்குப் பாஸ்புக் போடோணுமா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பேங்க் என்பது இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் போட்டு உட்கார்ந்த பலகை, பாங்கோ. அது இங்கே வந்து வங்கி ஆயிற்று. (கையில் போடும் வங்கி வேறு.) அதை உணவோடு சேர்த்தது அமெரிக்காவில். 1967இல் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கினார். மிஞ்சியதைக் கடைக்காரர் கொண்டுவந்து போட, இல்லாதவர் எடுத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம். அவர்களுக்கு அது சரி. நமக்கு வங்கி என்றால் போட்டவரே எடுப்பது, இல்லாவிட்டால் கடன் வாங்கி வட்டியோடு கட்டுவது. ரத்த வங்கி இல்லையா என்பார்கள். அங்கே ரத்தம் கேட்டுப் போனால் பதிலுக்கு ஆள் கூட்டிவரச் சொல்வது வழக்கம்தானே. விதை வங்கியில் ஒரு படி வாங்கியவர் அறுப்பு முடிந்து கூடவே சேர்த்துத் திருப்புகிறார். இங்கே யாரும் எதையும் திருப்புவதில்லை.

இதைவிட எரிச்சல், 'அமுதசுரபி' என்று வைக்கச் சொல்கிற கூட்டம். காதுக்கு இனிக்கும், சரி. ஆனால் அது அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. (அதிலும் மணிமேகலைக்கு ஆதிரை முதலில் பிச்சை இட வேண்டியிருந்தது.) இங்கேயோ கேள்வியே அதுதான். லேபிள் மாறி ஒட்டிய டப்பா, தேதி நெருங்கிய ரொட்டி, தோட்டத்திலேயே விடப்பட்ட காய், அரசு வாங்கித் தரும் தானியம், இதெல்லாம் போதாமல் காசு கொடுத்தும் வாங்குகிறார்கள். உடுமலையில் தக்காளி விலை விழுந்து ரோட்டோரம் கொட்டுகிற நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 14 கிலோ பெட்டியைக் கொட்டாமல் தூக்கிவந்து கொடுத்தவர் 'அமுதசுரபி' என்ற பெயருக்குள் எங்கே இருக்கிறார்?

என் ஓட்டு 'கொடைக்கிடங்கு'. கொடுத்ததால் வந்தது, மொத்தமாகக் கிடக்கிறது, இரண்டும் சொல்லிலேயே தெரிகிறது. அமெரிக்காவில் இந்த இடங்கள் பெரும்பாலும் மொத்தக் கிடங்குகள்தான். அங்கிருந்து சிறு அமைப்புகளும் தேவாலயங்களும் வாங்கிப் போய் ஆட்களுக்குக் கொடுக்கும். பிரிட்டனில் ஆட்களுக்கு நேரே கொடுக்கிற இடத்துக்கே உணவு வங்கி என்று பெயர். அதைக் 'கொடையங்காடி' என்றால் குழப்பம் தீர்ந்தது. கிடங்கு என்றால் அரசு நெல் மூட்டை ஞாபகம் வருகிறது என்றார் ஒரு நண்பர். வரட்டுமே! நம் கிடங்குதான் மலாய்ப் பக்கம் போய்க் குடோனாகத் திரும்பியது என்று சொல்வார்கள். திருப்பூரில் பனியன் மூட்டை போடுகிறவர் வரைக்கும் குடோன் என்றால் புரியும்.

அப்புறம் அந்த 'விநியோகங்கள்'. விநியோகம் என்பது பிரித்துக் கொடுப்பது. உள்ளே வருகிற சரக்கைக் கேட்கும் கேள்வியில் வெளியே போவதற்கான சொல்லைப் போட்டால் வாசலே திசை மாறிப் போகிறது. 'பிராந்திய' எதற்கு, 'வட்டார' இருக்கும்போது? 'தனது' யாருக்காக? "வட்டாரக் கொடைக்கிடங்குக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது?" ஆயிற்று. அகராதியில் இங்கிலீஷ் சொல்லுக்கு நேரே முதலில் நிற்கிற சொல்லை எடுத்து வைத்துவிட்டு, வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்புகிறார்கள்.

அம்மாயிக்கு "மிஞ்சுனத வாங்கி வெச்சு இல்லாதவங்களுக்குக் கொடுக்கற குடோனுங்க" என்றேன். "அப்படி எழுதறதுக்கென்ன? கச்சாயம் ஒரு கூடை கெடக்குது, எடுத்துக்குவாங்களா கேளு" என்றார்.