"இப்பவே எடுத்துடுங்க டாக்டர்"

முகூர்த்த நாட்களில் காரைக்குடியில் எனக்கு இரவு அழைப்புகள் கூடும். கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிட்டுப் படுத்தவருக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்து, வலி தோளுக்கு ஏறிய பிறகுதான் வருவார்கள்.

அப்படித்தான் தேவகோட்டை ஆச்சி ஒருவர் இரவு 11:30 மணிக்கு வந்தார். ஸ்கேனில் பித்தப்பையின் கழுத்தில் கல் சிக்கியிருந்தது, பை வீங்கியிருந்தது. "இப்பவே எடுத்துடுங்க டாக்டர், அம்மா துடிக்கிறாங்க" என்றார் மகன். காலையில் செய்யலாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

பித்தப்பையை எடுக்க, அதிலிருந்து வரும் குழாயையும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் நாளத்தையும் மட்டுமே வெட்ட வேண்டும். அதை ஒட்டியே கல்லீரலின் முக்கியப் பித்தக்குழாய் ஓடுகிறது. வீக்கத்தில் எல்லாம் ஒட்டிப்போய் ஒரே சிவப்பாகத் தெரியும். பைக்குள் போவது இரண்டே இரண்டுதான் என்று கண்ணால் பார்க்காமல், வெட்டுமுன் அவற்றை அடைக்கும் கிளிப்பைப் போடக்கூடாது. தவறி முக்கியக் குழாயை வெட்டிவிட்டால், குடலோடு அதை இணைக்க இன்னொரு பெரிய ஆபரேஷன் வேண்டும். தொல்லை வருடக்கணக்கில் தொடரலாம்.

இரவு ஆபரேஷன் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில், சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியை விட்டு வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது கூடுதல். சிலவற்றில் வித்தியாசம் இல்லை. நான் பார்ப்பது கடிகாரத்தை அல்ல, தியேட்டரில் என் கூட யார் இருக்கிறார்கள் என்பதைத்தான்.

காலை வரை சும்மா விடுவதில்லை. டிரிப்ஸ், ஆன்டிபயாடிக், வலி ஊசி எல்லாம் உடனே தொடங்கிவிடும். பை அழுகியிருந்தாலோ ஓட்டை விழுந்திருந்தாலோ நள்ளிரவானாலும் செய்தாக வேண்டும். கண் மஞ்சளாகி குளிர்க்காய்ச்சலும் வந்தால் அது வேறு கதை. முக்கியக் குழாயின் அடைப்பை எண்டோஸ்கோப்பியில் அவசரமாக நீக்க வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது, வலி குறைந்ததும் "ஆடி போகட்டும்" என்று வீட்டுக்குப் போகிறவர்களுக்காகத்தான். வலி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது; தள்ளினாலும் ஒரு வாரத்துக்குள். அதற்குமேல் போகப் போக ஒட்டுதல் இறுகி, பிரிப்பதே கஷ்டமாகிவிடும்.

மறுநாள் காலை ஆச்சிக்கு லேப்ராஸ்கோப்பி தொடங்கினோம். கொழுப்புத் திரை பையை இறுகப் பிடித்திருந்தது. கிளிப் போடுமுன் பக்கத்து தியேட்டரிலிருந்த மூத்த சர்ஜனைக் கூப்பிட்டு மானிட்டரைக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் பின்பக்கம் பிரிப்பா" என்றார். பிரித்தேன். அப்புறம்தான் குழாயும் நாளமும் தனித்தனியாகத் தெரிந்தன.