புது சிஸ்டத்தில் பழைய கேம்: ஓடாததைவிட ஓட வைக்கப் போய் வரும் வினை

தீபாவளிக்கு முந்தைய வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பத்து நாளுக்கு முன்னால் என்னிடம்தான் சிஸ்டம் அசெம்பிள் செய்துகொண்டு போனார். தொண்ணூறாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. கேபினெட்டைத் தோளில் சுமந்து வந்தவர், மேசையில் ஒரு பழைய சிடியையும் வைத்தார்.

“அண்ணே, இவ்ளோ செலவு பண்ணியும் ஸ்கூல்ல ஆடுன கேம் ஓட மாட்டேங்குது. ஏதாச்சும் மாத்தி மாட்டிட்டீங்களா?”

பைக்கில் போகும்போதே பக்கத்தில் வருகிறவனைச் சங்கிலியால் அடிக்கும் கேம் அது. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. மகனுக்கு ஆடிக் காட்ட வேண்டுமாம்.

“மாட்டினதுல தப்பில்ல சார்” என்று சொல்லிக்கொண்டே சிஸ்டத்தை ஆன் செய்தேன். கேம் ஓடாதது கிடக்கட்டும், விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டர் அணைந்து கிடந்தது. அணைத்தது அவரேதான். கேம் ஓடத் தேவையான ஏதோ ஒரு டிஎல்எல் துணை ஃபைல் இல்லை என்று பிழைச் செய்தி வந்திருக்கிறது. நெட்டில் தேடி, ஒரு தளத்தில் இறக்கி, “ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுக்கவும்” என்று அங்கே எழுதியிருந்தபடியே செய்திருக்கிறார். மூன்றாம் நாள் அவருடைய மெயில் அவர் கையில் இல்லை. மகனின் கேம் அக்கவுன்ட்டும் போயிற்று. இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டே பார்க்கவில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேலை பழகி, பிறகு திருச்சியில் கடை போட்டு, இந்தத் தொழிலில் இருபது வருடம் தாண்டிவிட்டது. இந்தக் கதையை வருடத்துக்கு நாலைந்து முறையாவது பார்க்கிறேன். ஆள்தான் மாறும்.

விலை கூடின சிஸ்டம் என்றால் பழையதையெல்லாம் சுலபமாக ஓட்டும் என்று நினைக்கிறோம். புது அபார்ட்மென்ட் கோடி ரூபாய் ஆனாலும் அங்கே அம்மி போட இடமில்லை, அப்படித்தான் இதுவும். விண்டோஸ் 3.1 காலத்து கேம்கள் 16 பிட், அதாவது அந்தக் காலத்துச் சின்ன பிராசஸருக்காக எழுதியவை. 64 பிட் விண்டோஸில் அவற்றை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு ஒன்று இருந்தது. விண்டோஸ் 11க்கு அதுவும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை: விண்டோஸ் 95, 98 காலத்து கேம்கள் பல 32 பிட்தான், தாராளமாக ஓடக்கூடியவை. ஆனால் அவற்றை நிறுவும் செட்டப் ஃபைல் 16 பிட்டாக இருக்கும். வாசற்கதவு திறக்காததால் வீடே இடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்கள் அதிகம்.

இதைவிட வயிற்றெரிச்சலான கதை சேஃப்டிஸ்க். 2000ஐ ஒட்டி வந்த பல ஒரிஜினல் சிடிக்களில் இருந்த பூட்டு. சிடி உண்மையானதுதானா என்று பார்க்க, விண்டோஸின் அடிமட்டத்தில் டிரைவர் என்ற ஒரு சின்ன மென்பொருளை உட்கார வைக்கும். 2007இல் அந்த டிரைவரிலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட், விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. முடக்கியது சரி என்றுதான் நான் சொல்வேன். ஆனால் காசு கொடுத்து வாங்கியவனின் சிடி ஓடவில்லை, திருட்டு சிடி வாங்கியவனுக்கு ஓடுகிறது. நியாயமாக வாங்கியவரே, பூட்டை உடைக்கும் ‘கிராக்’ ஃபைலைத் தேடிப் போகும் இடம் இதுதான். அங்கேதான் கண்ணி.

இந்தக் கிராக்குகளில் இன்று வருவது பழைய காலத்து வைரஸ் இல்லை. சிஸ்டம் மெதுவாகாது, படம் காட்டாது, ஒன்றுமே தெரியாது. பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகியிருப்பதற்கு அடையாளமான குக்கிகளையும் ஒரே தடவையில் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கியே போனபின் ஓடிபி போட்டிருந்தும் பல இடங்களில் பயனில்லை; ஏற்கெனவே உள்ளே நுழைந்தவராகத்தான் திருடனும் தெரிவான். அதனால் பாஸ்வேர்டு மாற்றினால் போதாது. எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் கொடுக்க வேண்டும், அதையும் வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து செய்ய வேண்டும்.

டிஎல்எல் இல்லை என்று வருகிறதா, முதலில் அதன் பெயரைப் பாருங்கள். டி3டிஎக்ஸ்9 என்று ஆரம்பித்தால் வெளியே எங்கும் அலைய வேண்டாம். விண்டோஸ் 11இல், கேமின் கிராஃபிக்ஸுக்கு உதவும் டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் டைரக்ட்எக்ஸ் 9 காலத்தின் துணை ஃபைல்கள் கூடவே வருவதில்லை. மைக்ரோசாஃப்ட்டே 2010 ஜூனில் வெளியிட்ட ரன்டைம் தொகுப்பில் அவை எல்லாம் இருக்கின்றன. அதைப் போட்டால் புதியது கெடாது. பழைய மல்டிபிளேயர் கேம்கள் கேட்கும் டைரக்ட்பிளேவும் விண்டோஸுக்குள்ளேயே தூங்குகிறது. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் லெகசி காம்பொனன்ட்ஸ் என்பதன் கீழே டிக் போட்டால் எழுந்துவிடும். ஒரே ஒரு டிஎல்எல்லைத் தனியாகத் தருகிறேன் என்று சொல்லும் தளம் எதையும் நான் நம்புவதில்லை.

கேமை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாதீர்கள். பழைய கேம்கள் சேவ் ஃபைலைத் தங்கள் ஃபோல்டரிலேயே எழுதும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை. சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு நிறுவினால் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கொடுக்கும் தேவையே பெரும்பாலும் வராது. அந்த ஃபோல்டருக்கு ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள். தமிழ்ப் பற்றில் எனக்கும் குறைவில்லை, ஆனால் பழைய கேம்கள் பலவற்றுக்குத் தமிழ் போன்ற எழுத்துகளைக் கையாளும் யூனிகோட் தெரியாது.

வேகம் இன்னொரு சிக்கல். டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா மாதிரி டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் போதும். இலவசம், பழைய பிராசஸரின் வேகத்தையே நடித்துக் காட்டும். அந்தக் காலத்து கேபினெட்டில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்ததே, அதை அழுத்தி வேகத்தைக் குறைத்ததும் இதற்காகத்தான். ஜிடிஏ வைஸ் சிட்டி காலத்து கேம்களில், நொடிக்கு எத்தனை படம் (ஃப்ரேம்) என்று கட்டுப்படுத்தும் ஃப்ரேம் லிமிட்டரை அணைக்காதீர்கள். நொடிக்கு இத்தனை ஃப்ரேம்தான் வரும் என்று நம்பி எழுதப்பட்ட கேமில் 200 ஃப்ரேம் ஓடினால் வண்டி வண்டியாக இருக்காது.

சில சமயம் குற்றவாளி நாம் நினைக்கிற ஆளே இல்லை. 2005இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஸ்கிம்மர் என்று தண்ணீரில் இறங்கும் விமானம் உண்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 அப்டேட் போட்டவர்களுக்கு அது மாயமானது. அப்டேட்டைத்தான் திட்டினார்கள். அந்த கேமுக்குப் பல வருடங்களாகத் திருத்தம் எழுதிவரும், சைலன்ட் என்ற புனைபெயர் கொண்ட நிரலாளர் 2025இல் தோண்டிப் பார்த்துச் சொன்னார்: முந்தைய வைஸ் சிட்டியில் ஸ்கிம்மரைப் படகு வகையில் சேர்த்திருந்தார்கள். படகுக்குச் சக்கரம் இல்லை, எனவே சக்கர அளவும் எழுதவில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக மாற்றியபோது அளவைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். கேம் அந்த வரியைப் படிக்கும்போது, முந்தைய வண்டிக்குப் படித்த எண்கள் மெமரியில் அழியாமல் கிடந்தன. அதையே எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தது. முந்தைய வகுப்பின் கணக்கு கரும்பலகையில் அழியாமல் இருக்க, அதைப் பார்த்து எழுதிப் பாஸான கதை. 24எச்2 அந்த இடத்தில் வேறு எதையோ எழுதத் தொடங்கியதும், சக்கர அளவு கண்டபடி போய், விமானம் வானத்துக்கு அப்பால் வீசப்பட்டது. இருபது வருடம் யாருக்கும் தெரியாமல் ஓடிய தப்பு!

ஆகவே சிஸ்டம் அசெம்பிள் செய்யக் கொடுக்கும்போது என்ன பழைய கேம் ஆடுவீர்கள் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். இன்டெலின் 12ஆம் தலைமுறை பிராசஸரில், கணக்குப் போடும் பகுதியான கோர் பெரியது, சிறியது என்று இரண்டு வகையாக வந்தபோது, சில கேம்களின் பூட்டு ஒரே பிராசஸரை இரண்டு கம்ப்யூட்டராக எண்ணிக்கொண்டது. அதற்காக, சிஸ்டம் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸில் ஒரு வசதி கொடுத்தார்கள். அதை ஆன் செய்துவிட்டு கீபோர்டில் ஸ்க்ரோல் லாக்கை அழுத்தினால் சிறிய கோர்கள் ஒதுங்கிக்கொள்ளும். யாரும் தொடாத அந்த பட்டனுக்கும் ஒரு வேலை கிடைத்தது. 2025இல் வந்த என்விடியாவின் 50 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகளில், கேமில் பொருள்கள் உடைவது, சிதறுவது போன்றவற்றைக் கணக்கிடும் 32 பிட் ஃபிஸ்எக்ஸ் எடுக்கப்பட்டு, அதை நம்பியிருந்த பழைய கேம்கள் திணறின. பிறகு சில கேம்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் விலைப்பட்டியலில் வரி இருக்காது. சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரே வார்த்தை: கேபினெட்டோடு இனாமாக வருவதை வாங்காதீர்கள். போர்டு எரிந்து என்னிடம் வந்த சிஸ்டங்களில் பாதிக்கு மேல் அந்த இனாம்தான் காரணம்.

கேமை மறுபடி வாங்குவது பலருக்குக் கசக்கிறது. ஆனால் ஜிஓஜி போன்ற, கேம் விற்கும் இணையதளங்களில் பழைய கேம்கள் பூட்டு இல்லாமல், இன்றைய விண்டோஸுக்குத் தோதாக்கியே கிடைக்கின்றன, தள்ளுபடி நாட்களில் ஒரு பிரியாணி விலைக்கு. அங்கே இல்லாத கேமுக்கு டிஜிவூடூ 2 போன்ற கருவிகள் உண்டு. பழைய கிராஃபிக்ஸ் பேச்சைப் புது கார்டுக்கு மொழிபெயர்க்கும். எழுதியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து எடுத்து, ஃபைலில் வைரஸ் உண்டா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள். நல்ல கருவியையும் ஆன்ட்டிவைரஸ் சில நேரம் சந்தேகப்படும், உண்மைதான். ஆனால் டிஃபெண்டரையே மொத்தமாக அணைக்கச் சொல்கிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தோளில் கேபினெட் சுமந்து வந்தவருக்கு ஃபார்மட் செய்துதான் கொடுத்தேன். மெயில் திரும்பக் கிடைத்தது, கேம் அக்கவுன்ட் கிடைக்கவில்லை. போகும்போது வீட்டுப் பரணில் பழைய பென்டியம் 4 ஒன்று கிடக்கிறது, பழைய இரும்புக்காரரிடம் போடலாமா என்று கேட்டார். எடுத்து வரச் சொன்னேன். தூசி தட்டினேன், கப்பாசிட்டர் எதுவும் உப்பவில்லை, போர்டில் இருந்த சிஆர்2032 செல் மட்டும் செத்திருந்தது. மாற்றிப் போட்டதும் எக்ஸ்பி எழுந்தது. சிடி உடனே ஓடியது. லேன் போர்ட்டில் வெள்ளை டேப் ஒட்டி, மேலே மார்க்கரில் ‘நெட் கூடாது’ என்று எழிதிக் கொடுத்தேன். எழுத்துப் பிழையை அவருடைய மகன்தான் காட்டினான்.