பக்கத்து வீட்டு அரை லிட்டர் உங்களுக்கு இல்லை

ஒற்றைக் கிட்னி என்று தண்ணீரைக் குறைத்து, உடம்பு வறண்டு வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன். தம்பிக்கு ஒரு கிட்னியைத் தானம் கொடுத்தவர். தலை சுற்றுகிறது என்று வந்தார். நாக்கு வறண்டிருந்தது, சிறுநீர் கட்டித் தேத்தண்ணி நிறம்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள், அண்ணே?"

"அரை லிட்டர்தான் டாக்டர். ஒத்தைக் கிட்னி ஆச்சே, அதுக்கு ரொம்ப வேலை கொடுக்கக் கூடாதில்ல?"

யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அங்கிளாம். அந்த அங்கிள் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர்!

எத்தனை பேருக்குத்தான் சொல்வது? டயாலிசிஸ் செய்பவருக்குச் சிறுநீர் சரியாகப் பிரியாது. சிலருக்குச் சொட்டுக்கூட வராது. குடித்ததெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சு முட்டும். அதனால்தான் அவருக்கு அளந்து கொடுக்கிறார்கள். ஒற்றைக் கிட்னியோடு இருக்கும் உங்கள் கதை வேறு. தானம் கொடுத்த பிறகு, மிச்சமுள்ள கிட்னி கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய 70 விழுக்காட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. பிறவியிலேயே ஒன்றுதான் என்பதை, வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது ஐம்பது வயதில் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. ஒற்றைக் கிட்னி என்றால் பழுதான கிட்னி இல்லை. தண்ணீரைக் குறைத்தால் அது ஓய்வெடுக்காது, அதற்குப் போகிற ரத்தம்தான் குறையும்.

அந்த அண்ணனுக்குக் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) ஏறியிருந்தது. போதாததற்கு, முதுகு வலிக்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரை வேறு. வறண்ட உடம்பில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று தனியாகத்தான் எழுத வேண்டும். ட்ரிப் ஏற்றியதும் இறங்கியது. அவருடைய நல்ல நேரம்.

இதைப் படித்துவிட்டு ஐந்து லிட்டர் குடிக்கத் தொடங்காதீர்கள், "கழுவிவிட" கிட்னி சாக்கடை இல்லை. சாதாரணமாக நாளைக்கு இரண்டு லிட்டர் அளவு போதும், வெயிலில் வேலை என்றால் கூடுதலாக. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். இதய நோய்க்கோ வீக்கத்துக்கோ டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் அளவு.

சரி, தண்ணீர் தவிர? நம் மலேசியாவில் கிட்னி செயலிழப்புக்கு முதல் காரணம் நீரிழிவு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள டின், பாட்டில் பானங்களுக்கு வரி வந்தது. மாமாக் கடையில் ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை! "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொன்னாலும் அதில் ஊற்றுவது இனிப்புக் கெட்டிப் பால்தான். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங், கோப்பி ஓ கொசோங் கேளுங்கள், கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிடும். ஐசோடோனிக் பானம் மருந்தில்லை, அதிலும் சர்க்கரையும் உப்பும் உண்டு. இளநீரில் பொட்டாசியம் அதிகம். ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால் எப்போதாவது ஒன்று குடிக்கலாம்.

கண்டிப்பாக வேண்டாம் என்பது இரண்டு. ஒன்று, பிளிம்பிங் (நட்சத்திரப் பழம்) பழச்சாறு. அதிலுள்ள ஆக்சலேட் கிட்னியில் படியும். கிட்னி ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அந்தப் பழத்திலுள்ள வேறொரு நச்சு மூளையையும் பாதிக்கும். இன்னொன்று, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) "கிட்னிக்கு நல்லது" என்று விற்கும் பெயர் தெரியாத மூலிகைத் தண்ணீரும் ஆண்மைக் கோப்பிப் பொட்டலமும். அந்தக் கோப்பிகள் சிலவற்றில் மருந்து கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. மிசாய் கூச்சிங் (பூனை மீசை மூலிகை) குடிப்பவர்கள், திட்டுவேன் என்று பயந்து மறைக்காதீர்கள். திட்டுவேன்தான், ஆனாலும் சொல்லிவிடுங்கள். கள், சம்சு (மலிவுச் சாராயம்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

வருடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஒரு கெஞ்சல்: நான் சொன்னதாகப் போய் அந்த டயாலிசிஸ் அங்கிளுக்குத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டாதீர்கள். அவருக்கு அவருடைய அரை லிட்டர்தான் சரி.