ஸ்டெயின்: கறையா, சாயமா?

ஆய்வகச் சீட்டில் 'த்ரோட் ஸ்வாப், கிராம் ஸ்டெயின்' என்று ஒரு வரி இருக்கும். அகராதியைப் புரட்டினால் 'தொண்டைச் சளி, கிராம் கறை' என்று எழுதத் தோன்றும். இரண்டுமே பொருந்தா.

ஸ்வாப் என்பது கப்பல் தளம் துடைக்கும் துடைப்பத்தைக் குறித்த டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. பஞ்சுக்குச்சியால் தொண்டையைத் துடைத்து எடுப்பதால் 'தொண்டைத் துடைப்பு' என்பதே சரி. கொரோனா காலத்தில் எல்லாவற்றையும் 'சளி மாதிரி' என்றே எழுதிப் பழகிவிட்டோம். காசநோய்ச் சோதனைக்காக இருமித் துப்பும் சளி வேறு வகை மாதிரி. அதில் தேடுவதும் வேறு.

ஸ்டெயினுக்கு வருவோம். லத்தீனில் 'திங்கெரே' என்றால் தோய்த்துச் சாயமேற்றுதல். நாம் காயத்துக்குப் போட்ட டிஞ்சரும் அந்த வேரில் பிறந்ததுதான். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக, நிறத்தைப் போக்குதல் என்ற பொருளில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது ஸ்டெயின். கறை என்ற பொருள் பின்னால் வந்தது. ஆய்வகத்தில் வேண்டுமென்றே நிறம் ஏற்றுகிறார்கள், எனவே 'சாயமேற்றம்'.

கிராம் எடை அளவு அல்ல. 1884-இல் இம்முறையை வெளியிட்ட டேனிய மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியான் கிராமின் பெயர். கண்ணாடி வில்லையில் தடவிய மாதிரிக்கு முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின், அடுத்து ஆல்கஹால் கழுவல். சில பாக்டீரியாக்கள் ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும். மற்றவை வெளுத்துப்போய், கடைசியில் ஊற்றும் சிவப்புச் சாயத்தை ஏற்கும். இவற்றைக் 'கிராம் நேர், கிராம் எதிர்' என்கின்றன பாடநூல்கள். 'சாயம் வெளுத்துப்போச்சு' என்று அன்றாடம் பேசும் மொழிக்கு அந்த நேரும் எதிரும் எதற்கு? சாயம் பிடித்தவை, சாயம் வெளுத்தவை என்றாலே செய்முறை முழுதும் விளங்கிவிடுகிறது.

இச்சோதனையை ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு பெயரில் பதிவதால், கணினிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளப் பொதுவான ஒரு 'கோட்' (code) தேவைப்பட்டது. அதைக் 'குறியீடு' என்றால் சின்னத்தையும் குறிக்கும். இது எண், ஆகவே 'குறியெண்'. அமெரிக்காவின் இந்தியானாபொலிஸில் உள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-இல் தொடங்கிய லாயிங்க் (LOINC) என்ற சோதனைக் குறியெண் தொகுப்பு உலகெங்கும் புழங்குகிறது. மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான இந்திய அரசின் 2016 தரவிதிகளும் அதையே ஏற்றன.

ஒரு சோதனையை லாயிங்க் ஆறு கூறுகளால் வரையறுக்கிறது: தேடும் பொருள், அதன் பண்பு, காலம், மாதிரி எடுத்த இடம், அளவை வகை, செய்முறை. பள்ளியில் படித்த பெயர்ச்சொல் வகை ஆறு நினைவுக்கு வரும்: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். சினை ஒன்றைத் தவிர ஐந்தும் ஒத்துப்போகின்றன! இந்தக் கூறுகளைத் தமிழில் எழுதச் சொல்லுக்கு அலைய வேண்டியதே இல்லை.

இவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறும். தொண்டைத் துடைப்பை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பாக்டீரியாவை அடையாளம் காண்பது 626-2. எந்த இடத்து மாதிரி என்று குறிப்பிடாத கிராம் சாயமேற்றம் 664-3. சிறுகோட்டுக்குப் பின்னால் நிற்பது 'சரிபார்ப்பு இலக்கம்'. முன்னுள்ள இலக்கங்களிலிருந்தே கணக்கிட்டு வருவது. கைதவறி 646-3 என்று தட்டினால், 646-க்கு வரவேண்டிய இலக்கம் 0 என்பதால் பிழை அங்கேயே பிடிபடும்.