குஞ்சு வாயில் பால் ஊற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்

போன வாரம் காற்றடித்த மறுநாள் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா அட்டைப்பெட்டியில் பருந்துக் குஞ்சோடு வந்தார். தென்னையிலிருந்து விழுந்ததாம். கையில் ஒரு டம்ளர் பால், இங்க் ஃபில்லர். "ராத்திரி பூரா ஊத்துனேன் டாக்டர், அப்படியே வெள்ளையா வெளிய போவுது, செரிக்கலையா?" குஞ்சு வாயைப் பிளந்து கரகரவென்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, மதியத்துக்குள் போய்விட்டது. இந்த மாதத்தில் இது நான்காவது.

அந்த அம்மா மேல் கோபமில்லை. பச்சைப்பிள்ளை என்றால் பால் என்று நம் கை தானாகப் போகிறது. ஆனால் பால் பாலூட்டிகளின் சமாச்சாரம், பறவை நம் குடும்பமே இல்லை. இன்று உயிரோடிருப்பவற்றில், மற்ற பறவைகளை விட்டால், காக்கைக்கு மிக நெருங்கிய சொந்தம் முதலைதான். சிதம்பரம் பக்கம் குளத்துக்குள் வந்துவிட்டது என்று பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிறார்களே, அதே முதலை! அதற்குப் பல்லியைவிடப் பறவைதான் கிட்டத்துச் சொந்தம். டைனோசர்களில் ஒரு கிளைதான் பறவை. 1861-இல் ஜெர்மனியில் கிடைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் புதைபடிவத்துக்குச் சிறகும் இருந்தது, பல்லும் எலும்பு வாலும் இருந்தன. அவ்வளவு தூரம் போவானேன், கோழிக்காலில் இருப்பது செதில்தானே. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கோழி ரத்தத்திலும் பாம்பு ரத்தத்திலும் சிவப்பணுவுக்கு உட்கரு இருக்கும். ஆட்டு ரத்தத்தில் இருக்காது.

அப்புறம் அந்த வெள்ளை. அது பால் இல்லை, பால் இல்லை, பால் இல்லவே இல்லை. நாம் சிறுநீராக விடும் கழிவைப் பறவைகள் யூரிக் அமிலமாக, தண்ணீரை மிச்சம் பிடித்து, வெள்ளைக் குழம்பாக விடுகின்றன. வீட்டுச் சுவரோரம் கிடக்கும் பல்லி எச்சத்தின் நுனியைப் பாருங்கள், அங்கேயும் அதே வெள்ளைதான்.

பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கப் பறவைக்கும் வழியில்லை, பாம்புக்கும் வழியில்லை. (புறா "பால்" கொடுக்குமே என்பீர்கள். அது தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பையில் ஊறும் தயிர்க்கட்டி மாதிரியான ஒன்று, ஆவின் பாக்கெட் இல்லை.) ஆனால் குஞ்சைக் கொல்வது வயிற்றுப்போக்குகூட இல்லை. வாயைத் திறந்தால் நாக்குக்குப் பின்னால் தெரிகிற துளை மூச்சுக்குழலின் வாய். ஃபில்லரில் ஊற்றுவது நேரே அதற்குள் போகிறது. பாம்புக்கும் இதே அமைப்புதான். புற்றில் ஊற்றுவதை ஊற்றிக்கொள்ளுங்கள், பிடித்து வைத்த பாம்பின் வாயில் மட்டும் வேண்டாம்.

சரி, என்ன செய்வது? துணி போட்ட அட்டைப்பெட்டி, இரண்டு மூன்று ஓட்டை, இருட்டு, கதகதப்பு. நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதீர்கள், நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருப்பது மாதிரி உதரவிதானம் என்ற மூச்சுத் தசை அதற்குக் கிடையாது, நெஞ்சு அசைந்தால்தான் மூச்சு. இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிற குஞ்சு என்றால் பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்திலேயே இருக்கும், விட்டுவிடுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படியும் தப்பு. வலிக்குமே என்று மனிதர் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இதே யூரிக் அமிலத்தை உடம்பெல்லாம் படியவைத்துத்தான் கொத்துக்கொத்தாகக் கொன்றது, 2006-இல் அதைக் கால்நடைகளுக்குப் போடத் தடையே போட்டார்கள்.

பெட்டியோடு நேராக வாருங்கள். ஃபில்லர் வீட்டிலேயே இருக்கட்டும்.