ஒரே புல், இரண்டு பயணம்

அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு காலை ஒன்பது மணிக்குப் புதூருக்குத் திரும்பினேன். வண்டியை நிறுத்தப்போன இடத்தில், நிழலோரமாக ஒரு வெள்ளை முயல் படுத்திருந்தது. கூட்டத்தில் யார் கையிலிருந்து குதித்ததோ, எந்த மாடியிலிருந்து இறங்கியதோ. நாலு தெரு அலைந்து விசாரித்தேன். "எங்களுது இல்லண்ணே" என்றே எல்லோரும் சொன்னார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும், "முயல் வச்சிருந்தா பாரஸ்ட்காரங்க கேஸ் போட்ருவாங்க தம்பி" என்று ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அழகர்மலைப் பக்கம் புதருக்குள் ஓடும் நம்மூர் முயல் வேறு இனம். உடம்பு பழுப்பு, பிடரியில் கறுப்புத் திட்டு. அது வளை தோண்டாது. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம். எங்கள் வாசலில் கிடந்தது ஐரோப்பிய முயலின் வழி வந்த வீட்டு முயல். அதன் முன்னோர்களுக்கு ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம்தான் சொந்த ஊர். இந்த இனத்தின் குட்டி ரோமமே இல்லாமல், கண் மூடியபடி பிறக்கும். எனவே கேஸ் பயம் தீர்ந்தது. பயம் தீர்ந்ததும், முயலை வைத்து என்ன செய்வது என்று ஒன்றும் தெரியாது என்பது உறைத்தது.

தெரிந்ததெல்லாம் கேரட். அரைக்கிலோ வாங்கிவந்து போட்டேன். அப்புறம் பிஸ்கட். மூன்றாம் நாள் காலை அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்: "டேய், இங்க வாடா. அது வாயில என்னத்தையோ வாங்குது பாரு!" போய்ப் பார்த்தேன். முயல் முதுகை வளைத்து, தலையைப் பின்னங்காலுக்கு நடுவில் கொண்டுபோய், ஆசனவாயிலிருந்து நேராக எதையோ எடுத்து மெல்லாமல் விழுங்கியது. அன்று முழுக்க அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கும் குமட்டியது, பொய் சொல்லவில்லை.

ஆனால் முயலின் உடம்பில் நான் படித்ததிலேயே கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு அதுதான்.

புல்லைத் தின்று பிழைப்பது லேசான காரியம் இல்லை. புல்லின் சத்து செல்லுலோஸ் சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. அந்தச் சுவரை உடைக்கும் நொதி எந்தப் பாலூட்டியின் உடம்பிலும் சுரப்பதில்லை. நுண்ணுயிர்களை வயிற்றில் குடிவைத்து, அவற்றைப் புளிக்கவைக்கச் சொல்லித்தான் எல்லாமே பிழைக்கின்றன. மாடு இதை முதலிலேயே செய்துவிடுகிறது. தின்ற புல் முதலில் பெரிய புளிக்கும் பைக்குப் போகிறது, பிறகு அசைபோடல், அதன் பிறகுதான் வயிறு, சிறுகுடல். சத்தெல்லாம் தயாராகி, அதை உறிஞ்சும் சிறுகுடலுக்கு ஒழுங்காக வந்து சேர்கிறது.

முயலில் இந்த வரிசை தலைகீழ். அதன் புளிக்கும் பைக்குச் சீக்கம் என்று பெயர். நமக்குக் குடல்வால் தொங்கும் அதே இடத்தில், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் முனையில் அது இருக்கிறது. நமக்கு அது சின்னப் பை. முயலுக்கு உணவுப்பாதையின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ நாற்பது சதவீதம். அங்கே நுண்ணுயிர்கள் புரதமும் பி வைட்டமின்களும் வைட்டமின் கே-யும் தயாரிக்கின்றன. புளிப்பதில் உண்டாகும் கொழுப்பு அமிலங்களைச் சீக்கத்தின் சுவரே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் புரதத்தை முழுதாக வாங்கிக்கொள்ளும் சிறுகுடல் முன்னாலேயே போய்விட்டது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறக்க வேண்டிய சரக்கு, பஸ் அதைத் தாண்டிய பிறகு மேலூரில் ஏறினால் என்ன செய்வது? திரும்ப ஒரு டிரிப் அடிக்க வேண்டியதுதான். முயல் அந்த இரண்டாவது டிரிப்பைத்தான் அடிக்கிறது.

அதற்கு முன்னால் பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு புடைக்கும் வேலை நடக்கிறது. சுளகில் அரிசி புடைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமான, செரிக்காத நார்கள் குடலின் நடுவில் சேர்ந்து வேகமாக முன்னே போகின்றன. அவைதான் நாம் கூண்டில் பார்க்கும் உருண்டையான, காய்ந்த, மணமில்லாத புழுக்கை. ஒரு நாளைக்கு 200, 300 விழும். நுண்ணிய துகள்களும் நீரும் குடலின் ஓரங்களில் ஒதுங்கும். குடல்சுவர் பின்னோக்கிச் சுருங்கி அவற்றைச் சீக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். முயல் சிறிய பிராணி, வேட்டையாடப்படுகிற பிராணி. மாட்டைப்போல வயிறு நிறையச் செரிக்காத நாரைச் சுமந்துகொண்டு ஓட முடியாது. பாரத்தை உடனே கழித்துவிட்டு, பலனுள்ளதை மட்டும் வைத்துக்கொள்கிறது.

சீக்கத்தில் புளித்து முடிந்ததும், வழக்கமாகச் சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து ஓய்வாக இருக்கும்போது, வேறு வகைப் புழுக்கை வருகிறது. இது கறுப்பு, மென்மை, பளபளப்பு. சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், வாடையும் உண்டு. விஞ்ஞானிகள் இதைச் சீக்கோட்ரோப் என்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் வழவழப்பான சளிப்படலம் ஒன்று போர்த்தியிருக்கும். முயலின் வயிற்று அமிலம் கடுமையானது. அந்த உறை இருப்பதால் உள்ளேயிருக்கும் நுண்ணுயிர்கள் வயிற்றிலும் பல மணி நேரம் தாக்குப்பிடித்து வேலையைத் தொடர்கின்றன. முயல் மெல்லாமல் விழுங்குவது இதனால்தான், மென்றால் உறை கிழிந்துவிடும். குட்டிகளுக்குத் தேவையான நுண்ணுயிர்கள் தாயிடமிருந்து போய்ச் சேருவதும் பெரும்பாலும் தாயின் புழுக்கை வழியாகத்தான். வளர்ப்பவர்களில் சிலர் அசிங்கம் என்று இதைத் தடுக்கப் பார்ப்பார்களாம். தடுத்தால் முயலுக்குச் சத்துக்குறைவு வரும்.

இவ்வளவையும் நான் படித்தது மே மாதம், முயல் படுத்துக்கொண்ட பிறகு. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை, கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. கால்நடை மருத்துவர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, "என்ன குடுத்தீங்க?" என்றார். சொன்னேன். "முதல்ல கேரட்டையும் பிஸ்கட்டையும் நிறுத்துங்க" என்றார்.

கேரட்டிலும் பிஸ்கட்டிலும் சர்க்கரையும் மாவும் அதிகம், நீள நார் குறைவு. நார் முயலுக்கு உணவு என்பதைவிட, அதன் குடலுக்குத் தார்க்குச்சி என்று சொல்லலாம். குத்தினால்தான் வண்டி நகரும். நார் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், சர்க்கரையைத் தின்று வாயுவை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகும். வயிறு உப்பி வலிக்கும். வலித்தால் முயல் தின்னாது, தின்னாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. அதனால்தான் 12 மணி நேரம் ஒரு முயல் சாப்பிடவில்லை என்றால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடக் கூடாது என்கிறார்கள். இதோடு இன்னொன்று. வீட்டில் மீதமிருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்து வாய்வழியே போனால் சீக்கத்தின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, முயலையே கொன்றுவிடும்.

டிரிப்ஸும் வலிமருந்தும் ஏறி, மறுநாள் மதியம் நாலு சின்னப் புழுக்கை விழுந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்கு நான் பட்ட சந்தோஷத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அன்றைக்கு வெயிலும் ஒரு காரணம் என்றார் மருத்துவர். முயலுக்கு நம்மைப்போல வேர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்றக் காதுகளைத்தான் நம்பியிருக்கிறது. ரத்தக்குழாய்கள் விரிந்து சூடான ரத்தம் காதுக்குப் பாயும், காற்று பட்டுக் குளிர்ந்து திரும்பும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அந்தக் குழாய்களைக் கண்ணாலேயே எண்ணலாம். ஆனால் இந்த ஏற்பாடு வேலைசெய்யக் காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். முயலின் உடல்வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. மதுரையில் மே மாத மதியம் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும். அப்போது சூடு காது வழியாக வெளியேறாது, உள்ளேதான் போகும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் செம்மறியாடு, முயல் ஆராய்ச்சி மையத்தில் முயல் சௌகரியமாக இருக்கிறது என்றால் அங்கே குளிர் இருக்கிறது. இங்கே மண்பானைத் தத்துவத்தைத்தான் நம்ப வேண்டும்: ஈரத்துணியால் காதைத் துடைத்துவிட்டால் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நனைத்த ஓடு ஒன்றைக் கூண்டில் போட்டேன், அதன்மேலேயே படுத்துக்கொள்கிறது. திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி முயல்மேல் பீய்ச்சினால் அதிர்ச்சியிலேயே போய்விடும்.

கேரட்டை நிறுத்தியபின் காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் கிடக்கிறது. அதோடு கோயில் வாசலில் மாட்டுக்கு விற்கும் அகத்திக்கீரை தினம் ஒரு கட்டு. ஒரு வாரத்தில் தரையில் சுண்ணாம்பு கொட்டியதுபோல வெள்ளைக் கறை. இன்னொரு நாள் செம்பழுப்பாக மூத்திரம் போக, ரத்தம் என்று பதறி மறுபடி ஓடினேன். ரத்தம் இல்லையாம், தழையிலுள்ள நிறமி. வெள்ளைக் கறை கால்சியம். மற்ற பாலூட்டிகளின் குடல் தேவைக்குத் தகுந்தபடி கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். முயலின் குடல் கிடைத்ததையெல்லாம் உறிஞ்சிவிடும், மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். ஓயாமல் வளரும் பல்லுக்குக் கால்சியம் எப்போதும் வேண்டியிருப்பதுதான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பார்கள். முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளர்கின்றன. புல்லை அரைத்து அரைத்துத்தான் பற்கள் தேய வேண்டும். அகத்தியில் கால்சியம் அதிகம் என்பதால் அதை வாரம் இரண்டு நாளாகக் குறைத்தேன். கறையும் குறைந்தது.

யாரும் முயலைத் தேடி வரவில்லை. புழுக்கையை அம்மா மல்லிகைத் தொட்டியில் போடுகிறார். அதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை உருட்டிப் பார்க்கிறார். சின்னதாக இருந்தால் புல் போதவில்லை என்று அர்த்தம். இன்று காலையும் அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "டேய், நேத்தைவிடப் பெருசாத்தான் போட்ருக்கு."